அச்சு கடல் கடக்கட்டும்

மதிப்பிற்குரிய வடக்கு மாகாண ஆளுநர் ஐயா அவர்களுக்கு,

நெடுந்தீவில் பிறந்து, இங்குள்ள பிள்ளைகளுக்கே படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதுகிறேன். என் வாயில் இப்போது 11 பற்கள் மிச்சம். போனவற்றில் ஐந்தையாவது காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்ற வேண்டாம், பிடுங்கிவிடுங்கள் என்று நானேதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

யாழ்ப்பாணத்தில் பல் காட்டப் போகும் நாளில் விடியமுன் எழும்ப வேண்டும். மாவிலித்துறையில் படகேறினால் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி நகரம் வரைக்கும் பஸ். வரிசையில் இருந்து, பெயர் கூப்பிட்டு, வாயைத் திறக்கும்போதே பின்னேரப் படகு பற்றிய யோசனை வந்துவிடும். "வேரைச் சுத்தம் செய்து இந்தப் பல்லை வைத்திருக்கலாம், ஆனால் மூன்று நாலு தரம் வரவேணும்" என்றார் வைத்தியர். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, எந்த நாள் படகு ஓடும், எந்த நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பிடுங்குவதென்றால் ஒரே பயணம். அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின.

நான் ஓய்வூதியக்காரி. மாதம் பிறந்தால் வங்கியில் காசு விழும். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஐம்பது வருடம் வலை இழுத்தவர். அவருக்கு வருவது முதியோர் கொடுப்பனவு மட்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக்கினார்கள், நன்றிதான். ஆனால் அவர் தனியாகப் பயணம் செய்ய முடியாதவர். கூடப் போகும் மகனுக்கு அன்றைய தொழில் இல்லை. பஸ், ஓட்டோ, இருவருக்கும் மதியச் சாப்பாடு. "டீச்சர், இலவச வைத்தியத்துக்குப் போய்வர என்னட்டை எங்க காசு?" என்று அவர் கேட்டது கோபத்தில் இல்லை. உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எங்கள் நாட்டு வரலாற்றிலேயே பதில் உண்டு, ஐயா. 1951 இல் இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டில்தான் பிரித்தானியாவில், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் அறவிட அரசு முடிவு செய்தபோது, அங்குள்ள இலவசச் சுகாதார சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். பொய்ப்பல்லுக்காக ஒரு பெரிய அரசியல்வாதி பதவியை விட்டார் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பிறகு 1971 இல் இங்கே வெளிநோயாளர் ஒருவருக்கு 25 சதம் என்று கட்டணம் வந்தது. வெறும் 25 சதம். அதுவே வைத்தியசாலைக்கு வருவோரைக் குறைத்தது. 1977 இல் அதை எடுத்துவிட்டார்கள். நெடுந்தீவாருக்கு அந்த 25 சதம் இன்னும் எடுபடவில்லை. அது கடலாக நடுவில் கிடக்கிறது.

பல்லைப் பிடுங்கிய பிறகு இன்னொரு கதை தொடங்கும். முரசு ஆறி எலும்பு அமைய மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். பிறகு பல்லுக் கட்டப் போனால் முதலில் ஓர் அச்சு எடுப்பார்கள். அடுத்த முறை இன்னும் நுணுக்கமான அச்சு. அதற்கடுத்தது மேல்வாயும் கீழ்வாயும் சந்திக்கும் அளவு. பிறகு மெழுகில் பல்லை அடுக்கி, வாயில் வைத்துப் பார்ப்பது. ஐந்தாம் தரம்தான் பல் கைக்கு வரும். போட்டபின் முரசு உரஞ்சிப் புண் வந்தால் ஆறாம் பயணம், ஏழாம் பயணம். நகரத்தில் இருப்பவருக்கு இது ஐந்து காலைகள். எங்களுக்கு ஐந்து முழு நாட்கள், ஐந்து கூலி. தனியாரிடம் கெதியாக முடிக்கலாமென்று விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, ஓய்வூதியம் உள்ள நானே திரும்பி வந்தேன். அண்ணையைப் போன்றவர்கள் விசாரிக்கவே போவதில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை 2024 மேயில் கனடா தொடங்கிய பல் பராமரிப்புத் திட்டத்தில் பல்லுக் கட்டிக்கொண்டாள். அங்கே அதை முதலில் திறந்துவிட்டது முதியவர்களுக்குத்தான். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர். அவள் தொலைபேசியில் சிரிக்கும்போது பல் தெரிகிறது. எனக்குக் கை தானாக வாய்க்குப் போகிறது.

இதை அழகு விடயம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இங்கே வந்து ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இருக்கச் சொல்லுங்கள். பனை நிறைந்த தீவில் புழுக்கொடியலைக் கடிக்க முடியாத கிழவர்கள் அதை உரலில் இடித்துத்தான் தின்கிறார்கள். கணவாய் மணக்கிற வீட்டில் அம்மம்மா கஞ்சியோடு எழும்பிவிடுகிறா. சலரோகக்காரருக்கு வைத்தியர் மரக்கறியும் பயறும் கூடச் சாப்பிடு என்கிறார். எதனால் மெல்லுவது? பாண் தேத்தண்ணியில் நனைந்து வயிற்றுக்குப் போகிறது, சீனி ஏறுகிறது.

எனக்கு இதைவிடப் பயமான காரியம் ஒன்று உண்டு. எங்கள் முதியவர்களில் பலர் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள். பல் இல்லாவிட்டாலும் இடித்துப் போடுவார்கள். இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் உள்ள புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதற்கு முன்னறிகுறியாகக் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் படரும் படை நோகாது. நோகாததற்காக யாரும் கடல் கடக்கமாட்டார்கள். பல்லுக் கட்ட அச்சு எடுக்கிற வைத்தியரின் கண்ணில் அது பட்டால், தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நேரத்தோடு போகலாம். எங்களில் சிலர் பிந்தித்தான் போனார்கள்.

நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. நெடுந்தீவுப் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. மாசியிலும் பங்குனியிலும் கடல் அமைதியாக இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் வாரத்தில் ஒரே நாளாகப் பார்த்து, ஐந்து வாரம், ஒரு பல் வைத்தியரும் பற்கள் செய்யத் தெரிந்த ஒரு தொழில்நுட்பவியலாளரும் வரட்டும். முதல் நாளே இருபது முப்பது பேருக்கு அச்சு எடுக்கலாம். அச்சிலிருந்து வார்த்த சாந்து உருவங்களைப் பெட்டியில் வைத்துப் படகில் கொண்டுபோய், நகரத்து ஆய்வுகூடத்தில் வேலை செய்து, அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவரலாம். எண்பது வயதுக்காரர் முப்பது பேர் ஐந்து தரம் கடல் கடப்பதற்குப் பதில், அச்சு கடல் கடக்கட்டும்.

உங்களிடம் எழுதக் காரணம் உண்டு. எங்கள் பிரதேச வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். 2018 ஒக்டோபரில் மாகாண சபையின் காலம் முடிந்த பின், தீவுக்காக இந்த இரண்டு பக்கத்தோடும் பேசக்கூடிய கதிரை உங்களுடையதுதான்.

பல்லுக் கட்ட வேண்டியவர்களின் பெயர், வயது, வட்டாரம், கூட வர ஆள் உண்டா இல்லையா என்பதைப் பழைய வரவுப் பதிவேட்டில் எழுதுவதுபோல் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அண்ணையின் பெயர் முதலாவது. நாளைக் குறித்து அறிவித்தால், கொப்பியோடு மாவிலித்துறையில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நெடுந்தீவு