'நாலு ஜிபி வீஜிஏ' என்கிற ஏமாத்து

மாத்தளையில் யாரும் கடைக்குப் போய் "கிராபிக்ஸ் கார்ட் வேணும்" என்று கேட்பதில்லை. "அண்ணே, வீஜிஏ ஒன்னு வேணும்" என்றுதான் கேட்போம். வீஜிஏ என்பது 1987இல் ஐபிஎம் கம்பனி கொண்டுவந்த ஒரு திரை முறையின் பெயர். முறை போய் எத்தனையோ வருஷம், பெயர் மட்டும் நம்ம வாயில் ஒட்டிக்கொண்டது. அதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அடுத்த கேள்வியோடுதான். "எத்தனை ஜிபி தம்பி?"

இந்த ஒரு கேள்வியை வைத்து நம்மிடம் பழைய குப்பையைப் புது விலைக்குத் தள்ளுகிறார்கள். தள்ளுகிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. நாங்களும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கேட்டோம். "உன்னோடது ரெண்டு ஜிபியா, நாலு ஜிபியா?" என்று பெருமை பேசித் திரிந்தவர்கள்தான் இதை எழுதுகிறோம்.

நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் குழுவில் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து வருகிற தோழி ஒருத்தி இருக்கிறாள். ஏ.எல். முடித்துவிட்டு, கல்யாண வீடியோ, சாமத்தியச் சடங்கு வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறாள். அவளுடைய மெஷின் ஏதோ ஒரு கந்தோரில் பாவித்துக் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010. இன்டெல் ஐ5, மூன்றாம் தலைமுறை. 4 ஜிபி ரேம், அதுவும் ஒற்றைத் துண்டு. பழைய ஹார்ட் டிஸ்க். மெஷின் இழுக்கிறது என்றதும் வீட்டில் அம்மா சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார். டவுனில் ஒரு கடையில், "தங்கச்சி, இது நாலு ஜிபி கார்ட், எடிட்டிங் எல்லாம் பறக்கும்" என்று சொல்லி ஜிடி 730 ஒன்றைக் கொடுத்தார்கள். விலை 18,900 ரூபா.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட நாள்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போடுங்கள். 14 நாள் கொழுந்து.

கார்டைப் போட்ட பிறகு வீடியோ எக்ஸ்போர்ட் பண்ண முன்பைவிட அதிக நேரம் எடுத்தது. குறையவில்லை, கூடியது. தனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்று நினைத்து ஒரு மாசம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். எங்களுக்கு அதுதான் அதிகம் வலித்தது. ஏமாந்தவர் வெட்கப்படுகிறார், ஏமாத்தினவர் அடுத்த ஆளுக்குப் பில் போடுகிறார்.

சரி, என்ன நடந்தது? ஜிடி 730 என்பது 2014இல் வந்த கார்ட். அதே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன. அவளிடம் தந்தது டிடிஆர்3 மெமரியும் 64 பிட் பாதையும் உள்ள ரகம். ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 ஜிபி தரவைத்தான் அந்த மெமரி நகர்த்தும். அவளுடைய மெஷினிலேயே இரண்டு டிடிஆர்3 1600 ரேம் துண்டுகளைச் சோடியாகப் போட்டிருந்தால் நொடிக்கு 25 ஜிபி நகரும். அதாவது காசு கொடுத்து வாங்கின கார்டின் மெமரி, மெஷினுக்குள் ஏற்கனவே போடக்கூடிய ரேமை விட மெதுவானது. நாலு ஜிபி என்பது தாங்கியின் அளவு. குழாய் பென்சில் அளவில் இருந்தால் தாங்கி எவ்வளவு பெரிதாக இருந்தென்ன? ஒப்பிட்டுப் பாருங்கள்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் நாலு ஜிபிதான், ஆனால் நொடிக்கு 112 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650 நொடிக்கு 128 ஜிபி. மூன்றும் கடைக்காரர் வாயில் "நாலு ஜிபி வீஜிஏ"தான்.

இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. இன்டெல் சிப்புகளுக்குள்ளேயே, இரண்டாம் தலைமுறையில் இருந்து, வீடியோவைச் சுருக்கி எழுத ஒரு தனிப் பகுதி இருக்கிறது. குவிக் சிங்க் என்பார்கள். வெளியே ஒரு கார்டைச் செருகியதும் பல மெஷின்களில் உள்ளே இருக்கிற இன்டெல் கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும், பயோஸில் போய் மீண்டும் திறந்தால் ஒழிய. அவளுக்கும் அதுதான். 18,900 ரூபா கொடுத்து, இருந்ததையும் அணைத்துக்கொண்டாள்.

பெயர் ஒன்று, உள்ளே வேறு என்கிற வேலையைக் கடைக்காரர்கள் மட்டும் செய்வதில்லை. ஜிடி 1030 என்ற கார்ட் 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு, நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் வந்தது. அடுத்த வருஷம் அதே பெயரில் டிடிஆர்4 போட்டு ஒரு ரகம் வந்தது. வேகம் 16.8. பெட்டியில் சின்ன எழுத்தைப் படிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்கு கார்ட்டுக்கு முழுக் காசு. ஆர்எக்ஸ் 580 என்று வருகிறவற்றில் "2048 எஸ்பி" என்ற ரகமும் இருக்கிறது. அது உண்மையில் ஆர்எக்ஸ் 570 அளவு கார்ட்.

இதைவிட ஆபத்தான ஒன்றை எந்தக் கடையிலும் எங்களிடம் கேட்டதே இல்லை: "உங்க மெஷின் பவர் சப்ளை எத்தனை வாட்?" ஒப்டிபிளெக்ஸ் 7010இல் சின்னக் கேசிங்குக்கு 240 வாட், கொஞ்சம் பெரிய டவருக்கு 275 வாட். கார்டுக்கென்று தனி வயர் கிடையாது. மதர்போர்ட் ஸ்லொட் ஒரு கார்டுக்குக் கொடுக்கக்கூடிய உச்சம் 75 வாட், சில சின்னக் கேசிங் மெஷின்களில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. இந்த நிலையில் 185 வாட் இழுக்கிற ஆர்எக்ஸ் 580ஐக் கொடுத்து, "வயர் இல்லாட்டி பரவாயில்ல, ஒரு கன்வேர்ட்டர் போடலாம்" என்று சாட்டா வயரில் இருந்து மாற்றித் தருகிறார்கள். சாட்டா இணைப்பு ஒன்று தாங்குவது ஏறக்குறைய 54 வாட். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். லயத்து வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் படுத்திருக்கிற இடத்தில், இந்த வேலையைச் செய்யச் சொல்கிறார்கள்.

பாவித்த கார்ட் வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், வேறு வழியும் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாசத்துக்குள் 360 ஆனது. அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதம். புதுக் கார்ட் நம்மை விட்டுப் போன கதை அது. ஆனால் 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் நாணயத்தின் முறை மாறி, கார்ட் போட்டு அதை உருவாக்குகிற தொழில் ஒரே நாளில் படுத்தது. இரவு பகலாக ஓடின கார்டுகள் உலகம் முழுக்கப் பாவித்த சந்தைக்கு வந்தன. அதனாலேயே ஒரு கார்ட் கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால் விற்கிறவர் மெஷினில் போட்டு, அரை மணித்தியாலம் ஒரு கேமையோ டெஸ்டையோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள், உள்ளே பழைய சிப்பை வைத்து 1050 டிஐ என்று பெயர் மாற்றி எழுதின போலிகள் பலதை அது காட்டிக்கொடுக்கும். காட்ட மாட்டேன் என்றால் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

யூடியூப் அண்ணன்மார் மீதும் கோபம் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து "பட்ஜெட் பில்ட்" என்று சொல்லுகிற விலை இந்திய ரூபாயில். அது போகட்டும். "மூன்றாம் தலைமுறையா? தூக்கிப் போடுங்க ப்ரோ" என்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. எங்கே போடுவது? போட்டுவிட்டு எதில் வேலை செய்வது? மறுபக்கம் வீட்டுப் பெரியவர்கள்: "கேம் விளையாடத்தானே கேட்கிறாய்." ஆமாம், விளையாடவும்தான். நாள் முழுக்க வேலை தேடி அலைந்த ஒருத்தன் இரவு ஒரு மணித்தியாலம் கார் ஓட்டினால் என்ன குறைந்துபோகும்? அதற்காகக் கெஞ்ச வேண்டியதில்லை.

தோழியின் மெஷினுக்கு நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். முதலில் கார்ட் வாங்கவில்லை. ஜிடி 730ஐக் கழற்றினோம். இன்னொரு 4 ஜிபி ரேம் துண்டைச் சோடியாகப் போட்டோம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி. இவ்வளவிலேயே மெஷின் வேறு மெஷினாகிவிட்டது, எக்ஸ்போர்ட்டும் குவிக் சிங்க்கில் ஓடியது. நாலு மாசம் கழித்து, அவள் சம்பாதித்த காசில், பாவித்த ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று. 75 வாட், தனி வயர் வேண்டாத ரகமாகப் பார்த்து எடுத்தோம், வயர் கேட்கிற 1650ம் இருக்கிறது. அவளுடையது டவர் கேசிங் என்பதால் முழு உயரக் கார்ட் பிடித்தது. 1050 டிஐ கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது, ஆனால் அந்தத் தலைமுறைக்கு 2025 ஒக்டோபரோடு புது டிரைவர் நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை. விலை வித்தியாசம் சின்னதாக இருந்ததால் 1650.

ஆர்எக்ஸ் 6400 வாங்கலாமே என்று ஒருத்தன் நின்றான். 53 வாட் மட்டும்தான், சின்னக் கேசிங்குக்கும் பிடிக்கும். ஆனால் மதர்போர்ட்டோடு பேச அதற்கு நாலு பாதைதான், பழைய மதர்போர்ட்டில் அந்தப் பாதைகளும் மெதுவாகிவிடும். அதோடு வீடியோ எழுதுகிற பகுதியே அதில் இல்லை. ஜிடி 1030இலும் இல்லை. விளையாட மட்டும் என்றால் யோசிக்கலாம், எடிட்டிங் பண்ணுகிற பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். இன்டெல் ஆர்க் இந்தப் பழைய மெஷின்களுக்குச் சரிவராது, அது கேட்கிற பயோஸ் வசதி நம்மிடம் கிடையாது.

அந்த ஜிடி 730 இப்போது எங்கள் அறையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனோம். "பெட்டி உடைச்சாச்சு, எடுக்க ஏலாது. நீங்க நாலு ஜிபிதானே கேட்டீங்க, நாலு ஜிபிதானே தந்தேன்" என்றார். உண்மைதான், தந்தார்.

ஆகவே மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, நாவுல, எங்கே இருந்தாலும் சரி, காசைக் கொடுப்பதற்கு முன்னால் எங்களுக்கு மூன்று படம் அனுப்புங்கள்: பவர் சப்ளையில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர், கேசிங்கின் பின்பக்கம், வாங்கப் போகிற கார்டின் பெட்டியில் மெமரி வகை எழுதியிருக்கிற இடம். காசு வேண்டாம். ஞாயிறு ரெண்டு மணிக்குப் பிறகு என்றால் மெஷினையே தூக்கிக்கொண்டு வாங்க, அதற்கு முன்னால் எங்களில் பாதிப் பேருக்கு டியூஷன்.