கட்டிலில் நிற்கட்டும் காகித வீரர்கள்

குழந்தைகள் வார்டில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "டாக்டர், செல்போன் கொடுக்கலாமா?" என்பதாகும். கொடுக்கலாம். ஊசி போடும் ஐந்து நிமிடங்களுக்கு அது உதவும். ஆனால் வாரக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு அது மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து. கையால் செய்த சில காகித உருவங்களையும், அவற்றைக் கொண்டு ஆடும் கதை விளையாட்டையும் நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "காட்டின் நடுவே ஆறு குறுக்கிடுகிறது, என்ன செய்யப் போகிறாய்?" என்று கதைசொல்லி கேட்பார். பிள்ளை முடிவெடுக்க வேண்டும். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார் என்று காட்டவே சிறு உருவங்கள். விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. பகடைக்கு வீட்டுத் தாயக்கட்டையோ, எண் எழுதி மடித்த சீட்டுகளோ போதும்.

விளையாட்டு நோயைக் குணப்படுத்தாது. பின் எதற்கு? மருத்துவமனையில் ஒரு குழந்தை முடிவு செய்யக்கூடியது மிகக் குறைவு. எந்தக் கையில் ஊசி, எப்போது உணவு, யார் வந்து பார்க்கலாம் என எல்லாம் பெரியவர்களின் தீர்மானம். இரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வதுண்டு. அத்தனை காலமும் தலையாட்டியே பழகிய பிள்ளை, வலித்தாலும் சொல்லாத பிள்ளையாகிவிடக்கூடும்.

எங்களிடம் சிகிச்சை பெற்ற ஒன்பது வயதுச் சிறுமி மூன்று நாள்களாக உணவைத் தள்ளிவைத்தாள். கேட்டால், "பசிக்கல" என்பாள். ஒரு மாலை அவள் தந்தை கதையில் அரண்மனை விருந்தை வருணித்தபோது, தன் காகித இளவரசியைத் திருப்பி நிறுத்தி, "இவளுக்கு வாயெல்லாம் எரியுது, தண்ணி மட்டும்தான் குடிப்பா" என்றாள். தந்தை உடனே எங்களிடம் சொன்னார். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் புண்கள் இருந்தன. அன்று காலையும் அவளிடம் விசாரித்துவிட்டுத்தான் சென்றிருந்தோம். வாயைத் திறந்து பார்க்கவில்லை. அது எங்கள் தவறு.

இதனால் ஒவ்வொரு கதையிலும் நோயைத் தேட வேண்டாம். விளையாட்டு விசாரணையானால் பிள்ளை விலகிவிடும். அந்தத் தந்தை எதையும் தேடவில்லை. ஒரு விருந்தைச் சொன்னார், அவ்வளவே. அதுபோலவே, பிள்ளை வெல்வதற்காகப் பகடையை மாற்றிச் சொல்லவும் வேண்டாம். வீரன் தோற்றால் தோற்கட்டும். அடுத்து என்ன செய்வதென்று பிள்ளை சொல்லட்டும்.

உருவம் செய்வது எளிது. பழைய திருமண அழைப்பிதழ் அட்டையிலிருந்து 10 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமும் உள்ள துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். நடுவே மடியுங்கள். ஒரு பாதியில் முன்புறத்தையும் மறு பாதியில் முதுகுப்புறத்தையும் பிள்ளை வரையட்டும். இரண்டிலும் தலை நடுமடிப்பை நோக்கி இருக்க வேண்டும். இரு முனைகளிலும் 1 செ.மீ. அளவை வெளிப்புறமாக மடித்து, ஒரு சதுர அட்டையில் ஒட்டினால் உருவம் நிற்கும்.

சில எச்சரிக்கைகள்: தட்டணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளையிடம் கத்தரிக்கோல் தர வேண்டாம், வெட்டுவது பெரியவர் வேலை. வின்கிரிஸ்டின் மருந்தால் சிலருக்கு விரல்கள் தளரும். அப்போது பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் வரையலாம். தொடங்கும் முன் எல்லோரும் கை கழுவுங்கள். ஒரு பிள்ளையின் உருவங்களை இன்னொரு கட்டிலுக்குக் கொடுக்க வேண்டாம். அழுக்கானால் எறிந்துவிட்டுப் புதிது செய்யலாம். காகிதத்தின் நன்மையே அதுதான்.

இரவெல்லாம் கண்விழித்த தாயிடம் இன்னொரு வேலையைச் சுமத்துகிறோமா என்று நாங்களும் யோசித்ததுண்டு. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வார்டுக்குள் வர இயலாத அண்ணனோ தங்கையோ வீட்டில் ஓர் அரக்கனை வரைந்து அனுப்பலாம். செல்போனில் பேசியபடியே ஆட்டத்தில் சேரலாம். செல்போனுக்கு அதைவிட நல்ல பயன் எங்களுக்குத் தெரியவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நாங்கள் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டிலில் வீரர்கள் நின்றுகொண்டிருந்தால், அவசரமாக வாரி எடுக்காதீர்கள். உடனடியாகச் செய்ய வேண்டிய சிகிச்சை ஏதும் இல்லையெனில், பகடை விழும் வரை நாங்கள் காத்திருப்போம்.