புதிய விண்டோசைத் தடுப்பது தமிழ்ப்பற்று ஆகாது



அண்மையில் எங்கள் பள்ளியின் கணினிக் கூடம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டது. பேசப்பட்டதோ ஒரே கேள்விதான். கூடத்தில் உள்ள இருபது கணினிகளிலும் விண்டோசு 10 இயங்குகிறது. அவற்றை விண்டோசு 11-க்கு மாற்றுவதா, வேண்டாமா?

மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்தார். தமிழுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். நான் மிகவும் மதிப்பவர். "மாத்தினா தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சி போயிடும். இருபது வருசத்துக் கேள்வித்தாள் உள்ள இருக்கு. தயவுசெஞ்சி தொடாதீங்க" என்றார். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலை மறுத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவரை மறுத்து அன்று. அவருடைய அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை நான் அறிவேன். ஆனால், அந்த வரலாறு முடிந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. முடிந்துபோன ஓர் அச்சத்தைத் தமிழின் பெயரால் இன்னும் சுமந்து கொண்டிருப்பது பிள்ளைகளுக்குக் கேடு.

முதலில் செய்தியைப் பார்ப்போம். விண்டோசு 10, 2015 சூலை 29-ஆம் நாள் வெளிவந்தது. அதற்கு வழக்கமாக வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அதனால் மறுநாள் காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. இதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. "பாத்தீங்களா, ஒன்னும் ஆகலயே!" என்கிறார்கள். பூட்டில் பழுது இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பூட்டைச் செய்தவரோ இனிமேல் வந்து சரிசெய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கதவு அப்படியேதான் நிற்கும். திருடன் வரும்வரை ஒன்றும் ஆகாதுதான்!

பள்ளிக் கணினியில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எண்கள் யாருடைய கணினியில் உள்ளன? உதவித்தொகை விண்ணப்பங்களில் பெற்றோர் எழுதிக் கொடுத்த வருமானமும் வங்கிக் கணக்கு எண்ணும் எங்கே உள்ளன? தட்டச்சு செய்த ஆசிரியர் அதே கணினியில்தானே தம் கடவுச்சொற்களையும் சேமித்து வைத்திருக்கிறார்?

2017 மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சு மாதமே வெளியிட்டுவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதங்கள்! பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோசு 7 இயங்கியவை. அதாவது, திருத்தம் கிடைத்தும் போட்டுக்கொள்ளாதவை. 'பிறகு நினைவூட்டு' என்னும் பொத்தானை அழுத்திய விரல்கள்தாம் அந்த மருத்துவமனைகளின் கதவைத் திறந்துவிட்டன. திருத்தமே வராத விண்டோசு 10-இல் அந்தப் பொத்தானும் இல்லை.

இனி, எழுத்து உடையும் என்ற அச்சத்துக்கு வருவோம். அது வெறும் கற்பனை அன்று. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு அது பட்டறிவு. அன்றைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதினால், கணினியின் நினைவில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு போய்விட்டால் பொருளற்ற கிறுக்கல். தகுதரம் ஒருவகை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த தாப், தாம் இன்னொரு வகை, அச்சகத்துக்கு அச்சகம் வேறு வகை. ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்த கேள்வித்தாளை அடுத்த பள்ளி ஆசிரியர் திறக்க முடியாது. அன்று இயங்குதளத்தை மாற்றியவர்கள் அழுதார்கள் என்றால் அதில் வியப்பில்லை. நானும் ஓர் இரவு முழுவதும் ஆண்டுமலரை மறுபடி தட்டச்சு செய்திருக்கிறேன்.

அந்தத் துன்பத்துக்கு முடிவு கட்டியது எது? ஒருங்குறி. அதில் 'அ'வுக்கு 2949 என்று ஓர் எண். உலகில் எந்தக் கணினியிலும் அது 'அ'தான், வேறொன்று ஆகாது. அந்த ஒருங்குறித் தமிழ் விண்டோசுக்குள் எப்படி வந்தது? இயங்குதள மேம்பாட்டின் வழியாகத்தான் வந்தது! 2000-ஆம் ஆண்டில் வெளியான விண்டோசு 2000-இல் 'லதா' எழுத்துருவோடு தமிழ் நுழைந்தது. அடுத்து வந்த எக்சுபியில், அமைப்புப் பகுதிக்குப் போய் ஒரு கட்டத்தைத் தேர்ந்து, குறுவட்டையும் உள்ளே செருக வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். அதற்குப்பின் வந்த விசுட்டாவில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் மலேசியத் தமிழர்கள் மறக்கக் கூடாது. எண்பதுகளின் நடுவிலேயே இந்த மண்ணில் முரசு அஞ்சலை உருவாக்கத் தொடங்கியவர் முத்து நெடுமாறன். 2001-ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு நடந்ததும் நம் கோலாலம்பூரில்தான். 2005-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் இயங்குதளத்தின் 10.4 பதிகையை வெளியிட்டபோது, முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் அதனுள்ளேயே வந்தன. பழைய பதிகையே போதும் என்று இருந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. அதே அஞ்சல் அமைப்பும் தமிழ்99 அமைப்பும் இன்று விண்டோசிலும் உள்ளன. தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும், ஓர் ஏழை மாணவன் தன் வீட்டுக் கணினியில் தமிழில் எழுதலாம். நம்மவர் உழைப்பு இயங்குதளத்தின் உள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும்போது, அந்த இயங்குதளத்தைப் பார்த்து "தமிழ் போய்விடும்" என்று நாமே அலறுவது என்ன ஞாயம்?

"விண்டோசு 10 போட்டதுமே லதாவைக் காணோமே!" என்பார்கள். உண்மைதான். விண்டோசு 10-இலேயே லதாவும் விசயாவும் கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. அமைப்பின் விருப்பக்கூறுகள் பகுதியில் தமிழ்த் தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் திரும்ப வந்துவிடும். சேர்க்காவிட்டாலும் குடி மூழ்கிவிடாது. நிர்மலா எழுத்துரு அந்த இடத்தில் நிற்கும். வரிகள் சற்று இடம் மாறலாம், பக்கம் கூடலாம், எழுத்து உடையாது. பழைய குறியாக்கக் கோப்புகளின் நிலை வேறு. அவற்றுக்குரிய எழுத்துருக் கோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் விண்டோசு 11-இலும் நிறுவித் திறக்கலாம். விண்டோசு 11 முழுக்க 64 பிட்டு இயங்குதளம் என்பதால் தொண்ணூறுகளின் 16 பிட்டுத் தட்டச்சு மென்பொருள்கள் அதில் ஓடா. ஆனால், அவற்றில் எழுதிய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகள் வந்து ஆண்டுகள் பல ஆயின. மாற்றியிருக்க வேண்டிய நாம்தான் மாற்றவில்லை. நம் சோம்பலுக்கு விண்டோசு 11 என்ன செய்யும்?

அப்படியானால், கண்ணை மூடிக்கொண்டு இன்றே பொத்தானை அழுத்துங்கள் என்கிறேனா? இல்லை. 2018 அக்டோபரில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோசு 10-இன் பெரிய இற்றை ஒன்று, சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாள்களில் அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஆகவே, மேம்பாட்டுக்கு முன் கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடுத்து வையுங்கள். விரலியை மட்டும் நம்பாதீர்கள். பள்ளி அலமாரிகளில் தொலைந்த விரலிகளைக் கொண்டு ஒரு கண்காட்சியே வைக்கலாம். மதிப்பீட்டுத் தரவுகளை இணையத்தில் பதிவேற்றும் வாரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். முதலில் ஒரு கணினியில் செய்து, அச்சுப்பொறியும் ஒளிவீச்சியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லுங்கள். இது எச்சரிக்கை. "தொடாதே" என்பது எச்சரிக்கை அன்று.

கூட்டத்தில் இரண்டாவது தரப்பும் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. கணினி விற்பனையாளர் ஒருவரிடமிருந்து விலைப்பட்டியல் வந்திருந்தது. இருபது கணினியும் விண்டோசு 11-க்குத் தகுதியற்றவை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். தொகையைப் பார்த்த பொருளாளருக்கு வியர்த்துவிட்டது. எந்தக் கணினியையும் திறந்து பார்க்காமலே எழுதப்பட்ட பட்டியல் அது!

விண்டோசு 11 கேட்பவை சில: இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு இணையான செயலி, 4 கிகாபைட்டு நினைவகம், 64 கிகாபைட்டு சேமிப்பிடம், பாதுகாப்பான தொடக்க வசதி, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு. தகுதி உண்டா இல்லையா என்று சொல்லும் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறு செயலியை மைக்ரோசாப்டே இலவசமாகத் தருகிறது. ஒரு சனிக்கிழமை காலை நானும் இரண்டு பெற்றோரும் அமர்ந்து இருபது கணினியையும் சோதித்தோம். ஆறு கணினிகள் அப்படியே தகுதி பெற்றன. ஐந்தில் டிபிஎம் இருந்தும் அணைக்கப்பட்டிருந்தது. கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில் இயக்கிவிட்டதும் அவையும் தேறின. எஞ்சியவை ஒன்பது. இருபதுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருப்பது யாருடைய பணம்? உண்டியல் எடுத்தும் உணவுச்சந்தை நடத்தியும் பெற்றோர் சேர்த்த பணம்.

அந்த ஒன்பதும் குப்பைக்குப் போக வேண்டியவை அல்ல. உரிம ஒப்பந்தம் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு, விண்டோசு 10-க்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் மிகக் குறைந்த விலைக்கு அறிவித்தது: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு ஒரு டாலர், இரண்டாம் ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு நான்கு. மூன்றாண்டுக்கும் சேர்த்து ஏழு டாலர்! அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் லினக்சு உண்டு. உபுண்டுவும் மிண்டும் இலவசம். தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் கிடைக்கும். டெலிமா தளத்தைத் திறக்கவும் கட்டுரை தட்டச்சு செய்யவும் ஓர் உலாவி போதும். லினக்சு என்றாலே முகம் சுளிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். 2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்த 1பெஸ்தாரிநெட் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளை நீங்கள் பயன்படுத்தவில்லையா? அவற்றின் அடித்தளமும் லினக்சுதான். அவை தம்மைத் தாமே இற்றைப்படுத்திக்கொண்டன. அப்போது எந்தத் தமிழும் உடையவில்லை.

வீட்டுக் கணினி பற்றியும் சொல்ல வேண்டும். பிரிக்பீல்ட்சில் அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒரு தாயார் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "சார், மவன் லேப்டாப்புல மாத்து மாத்துன்னு வந்துகிட்டே இருக்கு. கடையில கேட்டா நூத்தம்பது வெள்ளி குடு, பதினொன்னு போட்டுத் தரேங்கிறாங்க. போடலாமா?" 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இணைய வகுப்புக்காக வாங்கிய பழைய மடிக்கணினி அது. அந்த ஆண்டில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் வாங்கின. செயலியைப் பார்த்தேன், ஆறாம் தலைமுறை. தகுதி இல்லை. கடைக்காரர் போடப்போவது சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டிய விண்டோசு 11. அப்படிப் போட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்று உறுதி கூற முடியாது என மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. திருத்தத்துக்காகத்தானே மாற்றுகிறோம்! நூற்றைம்பது வெள்ளியும் கொடுத்து அதே ஓட்டையை வாங்குவதா? தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்றும், கணினி அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்துக்கொள்ள இசைந்தால் கட்டணம் இல்லை என்றும் அறிவித்திருந்தார்கள். அதில் பதிவுசெய்து கொடுத்தேன். அதன்பின் லினக்சு போடலாம் என்றேன். "தமிழ் வருமா சார்?" என்று கேட்டார். வரும் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் முடிவை எழுத்தில் வைத்தோம். பதினொன்று விண்டோசு 11-க்கு, ஒன்பது லினக்சுக்கு, விலைப்பட்டியல் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த மூத்த ஆசிரியரே தம் கேள்வித்தாள்களை ஒருங்குறிக்கு மாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தினமும் பள்ளி முடிந்ததும் கூடத்தில் அமர்ந்திருக்கிறார். இதுவரை நானூறுக்கு மேற்பட்ட கோப்புகள் மாறியுள்ளன. ணகரமும் னகரமும் இடம் மாறிய சில இடங்களைக் கையால் திருத்திக் கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு வட்டுதான் எங்களைத் தோற்கடித்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டு ஆண்டுமலர் அதில் உள்ளது. மாணவர்கள் எழுதிய கவிதைகளும் உண்டு. எழுத்துருவின் பெயரை ஆவணம் காட்டுகிறது, எழுத்துருவோ எங்கும் கிடைக்கவில்லை. மாற்றிகளுக்கும் அது தெரியவில்லை. அக்காலத்தில் கிள்ளானிலோ தலைநகரிலோ தமிழ் அச்சகம் நடத்தியவர்கள் இதைப் படித்தால், வீட்டில் கிடக்கும் பழைய வட்டுகளை வீசிவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.