இரண்டு விலை

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருப்பது அதிசயமல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் எடுத்த தங்கம் அறுபதுகளில் அரசுக்குப் போன விலை ஒன்று. கடைத்தெருவில் அதே தங்கத்தின் விலை வேறு. தங்கக் கட்டுப்பாடும் இறக்குமதித் தடையும் இருந்தவரை உள்ளூர் விலை லண்டன் விலையைவிட வெகு உயரத்தில் நின்றது. அந்த இடைவெளியில்தான் கடத்தல்காரர் பிழைத்தார். கட்டுப்பாட்டுச் சட்டம் 1990ல் போனது, 1992ல் இறக்குமதிக்கு வழி திறந்தது, இடைவெளி சுருங்கியது.

பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அதன் விலை என்னவாகும் என்ற கேள்விக்கும் இங்கிருந்தே தொடங்கலாம். பெண்ணையும் தங்கத்தையும் ஒப்பிடுவதா என்று கோபிக்க வேண்டாம். நான் ஒப்பிடுவது தடைகளை.

நம் நாட்டில் வயதுவந்த பெண் தானாக இத்தொழில் செய்வது குற்றமல்ல. ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதி நடத்துவது, அதற்கு இடம் கொடுப்பது, பொது இடத்தில் ஆள் அழைப்பது, அவள் வருமானத்தில் வாழ்வது எல்லாமே குற்றம். ஆகவே அறைக்குக் கூடுதல் வாடகை, தரகருக்குப் பங்கு, போலீசுக்கு மாமூல். இவ்வளவும் வாடிக்கையாளர் தரும் பணத்திலிருந்தே போகிறது. 'விலைமகள்' என்ற சொல்லில் விலை இருக்கிறது. அதில் அவளுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று எந்த அகராதியும் சொல்லாது.

தடை நீங்கினால் இந்தச் செலவுகள் குறையும்; புதியவர்கள் வந்தால் விலையும் இறங்கும். விலை இறங்கியும் அவள் கைக்கு வருவது கூடலாம். ஆனால் பேரம் பேசும் பலம் வேண்டும். கல்கத்தா சோனாகாச்சியில் ஆணுறை வற்புறுத்திய பெண்கள் 66 முதல் 79 சதவீத வருமானத்தை இழந்ததாக விஜயேந்திர ராவ் குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. ஒருத்தி மறுத்தால் அடுத்த கதவு திறந்திருக்கிறதே! அங்கே 1995ல் பெண்களே கூட்டுறவு வங்கி தொடங்கியது வட்டிக்காரரிடமிருந்து தப்பத்தான்.

எப்படிச் சட்டபூர்வமாக்குகிறோம் என்பதும் முக்கியம். லைசென்ஸ் விடுதிகளுக்கு மட்டும் என்றால் தரகரின் பங்கு லைசென்ஸ்காரருக்குப் போய்விடும். நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு பேர் வரை முதலாளி இல்லாமல், நடத்துநர் சான்றிதழும் இல்லாமல் சேர்ந்து தொழில் செய்ய அனுமதிக்கிறது. மிச்சமாகும் பணம் அவர்களிடமே தங்கும்.

அடிவிலையை மட்டும் இந்தச் சட்டம் தொடாது. வேறு வேலையில் என்ன கூலி கிடைக்கும் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. 2001ல் சுரங்கத்தை மூடியபின் எங்கள் ஊரில் அந்த வேறு வேலை, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் பிடித்தால் பெங்களூரில் இருக்கிறது.