இரண்டு கரிசாலை

கரிசலாங்கண்ணி அல்லது கரிசாலை என்று நாம் சொல்வது ஒரே ஒரு செடியை அல்ல. வயல் வரப்பில் வெள்ளைப் பூ பூப்பது ஒன்று. பொற்றலைக் கையாந்தகரை என்று வைத்தியர்கள் சொல்லும் மஞ்சள் பூக்காரி இன்னொன்று. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் தாவரவியலில் வெவ்வேறு பேரினங்கள். அப்படியானால் ஒரே பெயர் சூட்டிய நம் முன்னோர் பிழை செய்தார்களா?

சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் உழைத்தவர்களும் மஞ்சள் கரிசாலையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்து, அதன் கட்டமைப்பை 1956இல் வெளியிட்டார்கள். அச்செடியின் அன்றைய பேரினப் பெயரான வெடலியாவை ஒட்டி அதற்கு வெடலோலாக்டோன் என்று பெயர். வெள்ளைக் கரிசாலையிலும் அதுவே இருந்தது. கையும் நாக்கும் கண்டு வைத்த உறவுக்கு ஒரு மூலக்கூறு சாட்சி சொன்னது. நம் ஊரில் நடந்த இந்த வேலை நம் பாடநூல்களில் விரிவாக இடம்பெற வேண்டும்.

ஆனால் அந்தச் சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. வெடலோலாக்டோன் கூமெஸ்டான் என்னும் வகையைச் சேர்ந்தது. அதே வகைப் பொருள் குதிரைமசாலிலும் உண்டு. அதுவோ அவரைக் குடும்பம். வேதியியலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கரிசாலையைத் தீவனப் பயிருக்குப் பக்கத்தில் நட்டுவிடுவோம். இங்கேதான் மரபணு வேண்டும். 1987இல் ராபர்ட் ஜான்சனும் ஜெஃப்ரி பால்மரும் சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் பசுங்கணிக டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். அதில் ஏறத்தாழ 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது. தென் அமெரிக்காவின் பர்னடேசியா கூட்டத்தில் மட்டும் அது திரும்பவில்லை. குடும்பத்தின் முதல் கிளை எங்கே பிரிந்தது என்பது அப்போதுதான் தெளிந்தது.

வேதியியலையும் மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பது நம் மருந்துக் கடைக்கும் வேண்டிய அறிவு. அழகுக்காக இறக்குமதியாகி வாய்க்கால் கரையெங்கும் படர்ந்துவிட்ட அமெரிக்கக் கொடி ஒன்றை மஞ்சள் கரிசாலை என்று நம்பிப் பறிப்பவர்கள் உண்டு. அதன் இலையில் மூன்று மடல் தெரியும், நம்முடையதில் தெரியாது. பொடியாக்கிவிட்டால் மடல் ஏது? பொடியில் டி.என்.ஏ. மிஞ்சும், அது காட்டிக்கொடுக்கும். எண்ணெயில் காய்ச்சிவிட்டால் அதுவும் சிதைந்துபோகும். பிறகு வேதிப்பொருள்களைத்தான் கேட்க வேண்டும். அப்போதும் வெடலோலாக்டோன் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தக் கரிசாலை என்று அது சொல்லாது. ஆகவே பொட்டலத்தின்மேல் செடியின் அறிவியல் பெயரும், எந்தச் சோதனையால் அது உறுதியானது என்பதும் அச்சாக வேண்டும் என்று கேட்கிறோம்.

தென் சீனத்தில் அந்த அமெரிக்கக் கொடியும் மஞ்சள் கரிசாலையும் கலந்து கலப்பினம் தோன்றியிருப்பதை மரபணு ஆய்வு உறுதிசெய்திருக்கிறது. இங்கும் அப்படி நடந்திருக்கிறதா என்று அறிய, நம் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களும் வேதியியல் மாணவர்களும் சேர்ந்து, இவ்விரண்டும் அருகருகே வளரும் ஓடைக்கரைகளுக்கு இந்த மழைக்காலத்திலேயே போய் இலை பறித்து வர வேண்டும்.