உளி பிடிப்பவனுக்கும் உடன்படிக்கை வேண்டும்

அண்மையில் திருநெல்வேலியில் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். வலிகாமம் வடக்கில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். “சுவாமி, காணி இன்னும் எங்கட கைக்கு வரேல்லை. அதுக்காகப் பெடியனைத் தச்சுப்பட்டறையில விடுறதோ?” என்று கேட்டார். அவர் குரலில் கவலையிலும் பார்க்க வெட்கமே மேலோங்கி நின்றது.

இந்த வெட்கத்தின் வேர் எது? தச்சுத்தொழிலை ஒரு சாதிக்குரியதென ஒதுக்கி வைத்தவர்கள் நாமே. வீட்டு நிலையும் கோயில் தேரும் அவர்கள் கையால் வேண்டும். நம் பிள்ளை அவர்களிடம் பழகுவது மட்டும் இழுக்காம்! 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது பட்டறைகளும் கைவிடப்பட்டன. திரும்பி வந்த மூத்த ஆசாரிமார் பலருக்குப் பின் உளி பிடிக்க ஆளில்லை.

யப்பானில் ஈசே என்னுமிடத்து மரக்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம் இது. இளமையில் மரம் சீவியவன் அடுத்த முறை மற்றவர்களுக்குக் கற்பிக்கிறான். உள்நாட்டுப் போரினால் அங்கும் இவ்வழக்கம் நூறு வருடங்களுக்கு மேல் தடைப்பட்டது. ஆயினும் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் தொடங்கினார்கள். கடைசியாக 2013இல் கட்டி முடித்தார்கள். ஆணியின்றித் துளையில் கழுந்தைப் பூட்டித் தளபாடம் செய்வது போன்ற கைப்பணிகளைக் காக்க 1974இல் அங்கு சட்டமும் இயற்றப்பட்டது. நூறு வருட இடைவெளியை அவர்கள் கடந்தார்களெனில், கற்பிக்கக்கூடிய ஆசாரிமார் இன்னும் உயிரோடிருக்கும் நமக்கு ஏன் முடியாது?

ஆனால், “கொண்டுபோய் விடுங்கள்” என்று மட்டும் சொல்லி அத்தகப்பனாரை அனுப்பியிருந்தால் நான் தவறிழைத்தவனாவேன். பலகை சுமப்பதிலும் தேநீர் வாங்கப் போவதிலும் வருடங்களைக் கழித்துவிட்டு, வெறுங்கையோடு வெளியேறிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆகவே மூன்றை எழுத்தில் கேளுங்கள்: எந்த வருடத்தில் எந்த வேலை கற்பிக்கப்படும்? வாராந்தக் கொடுப்பனவு எவ்வளவு? முடிவில் சான்றிதழுக்கு வழி என்ன? இது சலுகையன்று. பயிலுநர்களுக்கென நம் நாட்டில் 1971 முதல் சட்டம் உண்டு. பட்டறையில் பழகியவனும் செய்முறையில் பரீட்சிக்கப்பட்டுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம்.

ஆசாரியார் ஒருவரே இப்பாரத்தைச் சுமக்க முடியாது. பங்குகளும் பள்ளிக்கூடங்களும் சனசமூக நிலையங்களும் பிளாஸ்ரிக் கதிரைகளை வாங்கிக் குவிப்பதை விட்டு, வாங்கு, மேசை வேலைகளை உள்ளூர்ப் பட்டறைகளுக்குக் கொடுக்கட்டும். வேலை இருந்தால்தான் பழகுவதற்கும் இடமிருக்கும். காணி மீண்டவர்கள் வேலியோரம் நாலு வேம்பு நட்டால், பேரப்பிள்ளைகளின் பட்டறைக்கு மரம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தொழில் காணிக்கு ஈடல்ல. “பிள்ளைக்குத் தொழில் கொடுத்தாயிற்றே, இனிக் காணி எதற்கு?” என்று யாரும் சொல்ல இடங்கொடாதீர்கள். பிள்ளை உளி பிடிக்கட்டும். காணியைக் கேட்கும் குரலும் ஓயாதிருக்கட்டும்.