நடுங்கும் குரலைக் கேலி செய்யலாமா?

மதிய இடைவேளையில் மிமிக்ரி செய்து உங்களைச் சிரிக்க வைப்பவன் நான்தான். எனக்கு அதிகக் கைதட்டல் வாங்கித் தந்தது, இருமி நடுங்கிப் பேசும் தாத்தா குரல்.

போன மாதம் மாமா வீட்டில் ஜானி கேஷ் பாட்டு கேட்டேன். அமெரிக்காவின் 'கன்ட்ரி' பாடகர். அந்த நாட்டுக் கிராமத்துப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்புகழ் பெற்றவர். ஆனால் 1986இல் கொலம்பியா நிறுவனம் அவரைக் கைவிட்டது. "ஆள் அவ்ளோதான்" என்று பலரும் நினைத்தார்கள்.

1994இல், 62 வயதில், 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பம் வந்தது. தயாரித்தவர் ராப் இசையில் பெயர் எடுத்த ரிக் ரூபின். டிரம்ஸ் இல்லை, கோரஸ் இல்லை. வீட்டு ஹாலில் உட்காரவைத்து, ஒரே ஒரு கிடாரோடு பாடச் சொன்னார். 1995இல் அதற்கு கிராமி விருது!

2002 ஆல்பத்தில் கேஷுக்கு 70 வயது, உடம்பு சரியில்லை. குரல் நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. அவர் அதை மறைக்கவே இல்லை. அடுத்த ஆண்டு இறந்துவிட்டார்.

அந்தக் குரலையும் மிமிக்ரி செய்து பார்த்தேன். நடுக்கம் வந்தது, பாட்டு வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை நாள் காப்பியடித்தது நடுக்கத்தை மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் 70 வருஷ வாழ்க்கை எனக்கு எப்படி வரும்?

எனவே ஆண்டு விழாவில் தாத்தா குரல் கிடையாது. கைதட்டல் குறைந்தால் குறையட்டும்! உங்கள் வீட்டுத் தாத்தா பாடினால், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். சிந்திப்பீர்களா நண்பர்களே?

— 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்